உண்ணாவிரத மீன்

1764-ஆம் வருஷத்தில் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் ஷ்லாஸர் என்ற டச்சுக்கார வைத்தியர். அதில் கண்ட விஷயம் அவருடைய சொந்த அனுபவம் அல்ல. ஜாவாத் தீவில் பட்டேவியா நகரத்து ஆஸ்பத்திரியை நிர்வகித்து வந்த ஹொம்மெல் என்பவர் தெரிவித்தது. பட்டேவியா என்பது இன்றைய ஜாகர்த்தா. அந்தக் கடற்கரையில் ஒரு மீன் இருக்கிறதாம். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செடியில் ஈயோ பூச்சியோ உட்கார்ந்திருந்தால், அது மெல்ல அடியில் வந்து, குறி பார்த்து, வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சி அடிக்குமாம். பூச்சி விழுமாம், மீன் விழுங்குமாம்.

ஹொம்மெல் கேட்டதையெல்லாம் நம்பிவிடுகிற மனிதர் அல்ல. ஓர் அகன்ற பெரிய தொட்டியில் கடல் தண்ணீரை நிரப்பச் செய்து, அந்த மீன்களில் சிலவற்றைப் பிடித்து விடச் சொன்னார். அவை அந்தச் சிறைவாசத்துக்குப் பழகும் வரையில் பொறுத்திருந்தார். பிறகு ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் ஈயை ஊசியால் குத்தித் தொட்டி ஓரத்தில் நிறுத்தினார். மீன்கள் தினந்தோறும் அதைக் குறி வைத்து அடிப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார்.

கடல் மீனைத் தொட்டியில் விட்டு, அது சாப்பிடுகிறதா என்று ஒரு மனிதர் பக்கத்தில் நின்று பார்த்ததாக எழுதி வைத்திருக்கும் பழைய செய்திகளில் இது ஒன்று. நமக்கு மீனோடு உள்ள உறவு மிகப் பழையது, வாஸ்தவம். சூதாடுகிறவனுக்கு உவமை தேடிய வள்ளுவருக்கும் தூண்டில் முள்ளை விழுங்கிய மீன்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் நம்முடைய கவலையெல்லாம் சாப்பிட வருகிற மீனைப் பற்றியது. சாப்பிட மாட்டேன் என்கிற மீனைப் பற்றி நமக்கு என்ன வந்தது? அதைப் பிடிக்கவே முடியாதே!

ஹொம்மெல் கதையில் வேடிக்கை இனிமேல்தான். அவர் ஷ்லாஸருக்கு மாதிரிக்காக ஒரு மீனை அனுப்பி வைத்தார். எங்கேயோ கை தவறிவிட்டது. போய்ச் சேர்ந்தது தண்ணீர் பீச்சுகிற மீனே அல்ல. அதே கடலில் வாழ்கிற வேறொரு மீன். வெள்ளி நிற உடம்பு, அதில் மேலிருந்து கீழாக ஆரஞ்சுப் பட்டைகள், வாலுக்குச் சற்று முன்னால் முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புக் கண் பொட்டு, முன்னால் கொக்கின் அலகு போல நீண்ட மூஞ்சி. விஞ்ஞானிகள் அந்த நீண்ட மூஞ்சியைப் பார்த்தார்கள். "ஆஹா, இதுதான் துப்பாக்கிக் குழல்!" என்று தீர்மானித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் சரியான மீன் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பல்லாஸ் என்ற விஞ்ஞானி அதை வர்ணித்தும் எழுதினார். இருந்தாலும் பேர் வாங்கிய மீன் பேரை விடவில்லை. வெகு காலத்துக்குப் புத்தகங்களில் இந்தப் பட்டை மீன்தான் ஈயைச் சுட்டுக்கொண்டிருந்தது.

அது ஈயைத் தின்பதே இல்லை. பாறை இடுக்குகளிலும் பவளப் பொந்துகளிலும் அந்த நீண்ட மூஞ்சியை நுழைத்துச் சின்னஞ்சிறு புழுக்களையும் இறால் ஜாதிப் பூச்சிகளையும் பொறுக்கித் தின்கிற பிராணி அது. வாயோ கடுகளவு. கடைக்காரர்கள் இன்று அதைக் காப்பர்பேண்ட் என்கிறார்கள். செப்புப் பட்டை என்று அர்த்தம். அதன் சாப்பாட்டைப் பற்றி மனிதன் முதன்முதலில் எழுதி வைத்த செய்தியே இன்னொருவருடைய சாப்பாட்டைப் பற்றியது என்றால், அதற்குப் பிறகு அது தொட்டிக்குள் வந்து என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

இந்தப் பழங்கதையை நான் தேடிப் பிடித்ததற்குக் காரணம், நூம்பலில் எங்கள் அடுத்த வீடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. மெரினாக் கடற்கரைக்கும் எங்களுக்கும் சுமார் 20 கிலோமீட்டர் இருக்கும். இங்கே கடல் என்றால் மீன்காரம்மாவின் கூடைதான். அப்படிப்பட்ட ஊரில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், உப்பை வாங்கிக் கரைத்து, வீட்டுக் கூடத்தில் ஒரு சமுத்திரத்தையே உண்டுபண்ணி வைத்திருக்கிறான். அதில் ஒரு நாள் கொண்டுவந்து விட்டான், ஒரு செப்புப் பட்டை மீனை.

மீன் ஒன்பது நாள் சாப்பிடவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அது தொட்டியின் மூலையில் ஒரு கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. துடுப்புகளில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். மூச்சு வேகமாக வாங்கியது. தலைக்குப் பின்னால் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. பையன் மூன்று தினுசு டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தான். குருணை போல் ஒன்று, செதில் போல் ஒன்று, பனிக்கட்டியில் உறைய வைத்த இறால் குஞ்சு ஒன்று. "ஸார், எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். கிட்ட வரும், பார்க்கும், திரும்பிப் போயிடும்" என்றான்.

அவனுடைய பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏண்டா, அதுக்கு இன்னா பசி எடுக்கலையா, இல்ல பயமா? மொதல்ல அத்தப் பாரு."

"சும்மா இரு ஆயா" என்றான் பேரன்.

ஆயா சும்மாதான் இருந்தாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு மனித ஜாதிக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது.

கடல் பிராணிகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் மோகம் இங்கிலாந்தில் 1850-களில் கிளம்பிற்று. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853-இல் ஒரு மீன் வீட்டைத் திறந்தார்கள். அடுத்த வருஷமே ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் அக்வேரியம் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். அதைப் படித்துவிட்டுச் சீமாட்டிகளும் கனவான்களும் வாளியும் கையுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். அவர்களுடைய சித்தாந்தம் மிகவும் எளிது. தொட்டியில் கடற்பாசியும் பிராணியும் சரிசமமாக இருந்துவிட்டால் போதும். பாசி காற்றைச் சுத்தம் செய்யும். மற்றதெல்லாம் தானே நடக்கும். சாப்பாடு என்பது அந்தச் சித்தாந்தத்தில் ஒரு மூலையில்தான் இருந்தது.

சில பிராணிகள் அந்த மூலையிலேயே சந்தோஷமாக இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்காட்லாந்தில் ஸர் ஜான் டாலியெல் என்பவர் 1828-இல் கடற்கரையிலிருந்து ஒரு கடற்சாமந்தியை எடுத்துவந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். கடற்சாமந்தி என்றால் பூ அல்ல. பூவைப் போல் விரிந்து, தொட்டதைப் பிடித்துத் தின்னும் பிராணி. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைச் சிப்பி ஆகாரம். தண்ணீரை மாற்றுவார்கள். அவ்வளவுதான். டாலியெல் 1851-இல் காலமானார். சாமந்தி காலமாகவில்லை! கை மாறிக் கை மாறி எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்குப் போய், 'பாட்டி' என்று பட்டம் பெற்று, பிரமுகர்கள் வந்து பார்க்கும் ஸ்தலமாகி, 1887-இல்தான் கண்ணை மூடியது. பத்திரிகையில் அதற்கு மரணச் செய்தி கூடப் போட்டார்கள். அரைச் சிப்பியில் ஐம்பத்தொன்பது வருஷம்! நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் திருப்தி உண்டு?

மீன்கள் பாட்டியைப் போல் இல்லை. குளிர் நாட்டுக் கடலில் பிடித்த முரட்டு மீன்கள் இறைச்சித் துண்டைக் கண்டால் விழுங்கும். பவளப் பாறை மீன்களோ அப்படி அல்ல. அங்கே ஒவ்வொன்றும் ஒரு தொழில் வைத்திருக்கிறது. ஒன்று பாசியை மேயும். ஒன்று கடற்பஞ்சைக் கொத்தும். ஒன்று மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் பேன்களைப் பொறுக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் என்ற அழகான குடும்பத்தில், உயிருள்ள பவளத்தின் மெல்லிய சதையைத் தவிர வேறெதையும் தொடாத ஜாதிகள் சில உண்டு. அவற்றுக்கு முன்னால் நீங்கள் இறாலை வைத்தாலும் ஒன்றுதான், இரும்பு ஆணியை வைத்தாலும் ஒன்றுதான். அது கொழுப்பு அல்ல. அதன் கண்ணுக்கு இறால் சாப்பாடாகவே தெரியவில்லை.

நம்முடைய சென்னைக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு கௌரவமான இடம் இருக்கிறது. மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஜாதிகளைப் பற்றியும் குலங்களைப் பற்றியும் ஏழு பாகம் எழுதியவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அவருக்குக் கடலிலும் தீராத பைத்தியம் உண்டு. ராமேசுவரத்திலும் மன்னார் வளைகுடாவிலும் அலைந்து, முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய முயற்சியால் மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சிசாலை உருவாகி, அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, 1909-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆசியாவிலேயே முதல் காட்சிசாலை என்று அதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஜப்பான்காரர்கள் நம்மை முந்திக்கொண்டவர்கள்; ஆகையால் அந்தப் பெருமையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு இந்தியாவில் முதல் என்று சொன்னால் சண்டை இல்லை. 1919 வரையில் மியூசியத்தின் ஆதீனத்தில் இருந்து, அப்புறம் மீன்வளத் துறையிடம் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் குண்டு போடும் என்று சென்னை நகரமே மூட்டை கட்டிய சமயத்தில் அதையும் மூடினார்கள். பின்னால் மெரினாவில் சின்ன அளவில் ஒரு மீன் காட்சி இருந்ததே தவிர, பழைய காட்சிசாலை பழைய உருவில் திரும்பி வரவில்லை.

அந்தக் காட்சிசாலைக்கு இருந்த பெரிய ஆஸ்தி எது என்று என்னைக் கேட்டால், அதன் கண்ணாடியும் அல்ல, கட்டடமும் அல்ல, வாசல்தான். வாசலில் கடல். மணலில் கட்டுமரம். எந்தத் தொட்டி மீனுக்கும் அதன் சொந்த ஊர்ச் சாப்பாடு, அன்றன்று பிடித்ததாக, கூப்பிடு தூரத்தில். மீன் செத்தாலும் இன்னொன்று கூப்பிடு தூரத்தில்தான். ஆகவே சாப்பிடாத மீனை என்ன செய்வது என்று உட்கார்ந்து மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் கரையோரத்துக் காட்சிசாலைகளுக்கு அவ்வளவாக ஏற்படவில்லை. கடலை விட்டு மீன் விலக விலகத்தான் அந்தக் கேள்வி பெரிதாயிற்று.

அதற்கு ஒரு பதில் உப்பளத்திலிருந்து வந்தது. 1933-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸ்டைன்ஹார்ட் காட்சிசாலையின் தலைவராக இருந்த ஆல்வின் ஸீல், ஆர்ட்டீமியா என்ற உப்பளப் பூச்சி மீன்களுக்கு நல்ல உயிருள்ள ஆகாரம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆறு வருஷம் கழித்து நார்வே தேசத்தில் ரொல்லெஃப்ஸன் என்பவரும் மீன் குஞ்சுகளை அதைக் கொடுத்தே வளர்க்கலாம் என்று காட்டினார். ஆர்ட்டீமியா இறாலுக்குத் தூரத்து உறவு. மற்ற பிராணிகள் உயிரோடு இருக்க முடியாத உப்புத் தண்ணீரில் அது குடும்பம் நடத்தும். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் விசேஷம் முட்டையில் இருக்கிறது. பழுப்பு மாவு போன்ற அந்த முட்டைகள் காய்ந்து கிடந்தால் வருஷக்கணக்கில் அப்படியே தூங்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றை விட்டால், நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய ஒரு நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகப் பொரிந்து துள்ளும். கடலுக்கு நூறு காதம் தள்ளி இருக்கிறவன் கூட ஒரு டப்பாவில் உயிருள்ள சாப்பாட்டை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

சாப்பிடாத மீனுக்கும் உயிருள்ள சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் ருசி மட்டும் அல்ல. கடல் மீன் அநேகமாக அசைவைப் பார்த்துத்தான் ஆகாரத்தை அறிந்துகொள்கிறது. டப்பாக் குருணை நேராகக் கீழே விழுகிறது. கடலில் நேராகக் கீழே விழுகிற வஸ்து குப்பை. துடித்து, திரும்பி, தப்பித்து ஓடப் பார்க்கிற வஸ்து சாப்பாடு. பிறந்தது முதல் இதைக் கண்டு வளர்ந்த பிராணியிடம் போய், 'இந்தக் குருணையில் எல்லாச் சத்தும் இருக்கிறது' என்று டப்பாவின் விளம்பரத்தைப் படித்துக் காட்டி என்ன பிரயோஜனம்?

இதுவும் பசி உள்ள மீனுக்குத்தான். ஆயா கேட்டாளே, பசியா பயமா என்று? அதற்கு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: நோய். அடுத்த வீட்டு மீனுக்கு மூன்றும் இருந்தன.

தொட்டியில் டாம்ஸல் என்கிற நீல மீன் ஒன்று குடியிருந்தது. விரல் நீளம்தான், ஆனால் அந்தச் சமுத்திரம் முழுவதையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டிருந்தது. செப்புப் பட்டை கல்லை விட்டு வெளியே வந்தால் போதும், பாய்ந்து துரத்தியது. ஒன்பது நாளாக ஒருவனை விரட்டிக்கொண்டே இலையில் சாதம் போட்டால் அவன் சாப்பிடுவானா? இது போதாது என்று வெள்ளைப் புள்ளிக்காகத் தண்ணீரில் தாமிர மருந்து வேறு. தாமிரம் புள்ளிக் கிருமியைக் கொல்லும்; சந்தேகம் இல்லை. கூடவே மீனின் பசியையும் மந்தப்படுத்தும். மருந்து கொடுத்து வாயைக் கட்டிவிட்டு, வாயைத் திற என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைப் புள்ளியில் ஒரு விசித்திரம் உண்டு. குளத்து மீனுக்கு அந்த நோய் வந்தால் தொட்டியில் கொஞ்சம் உப்பைப் போடு என்பார்கள். கொளத்தூரில் மீன் வளர்க்கிற சிறு பிள்ளைக்குக் கூட இது தெரியும். கடல் மீனுக்கு வருகிற வெள்ளைப் புள்ளி வேறு கிருமி. அதற்கு உப்பைக் குறைக்க வேண்டும். கடல் தண்ணீரின் கனம் உப்புமானியில் 1.025 காட்டும். அதை ஓரிரண்டு நாளில் படிப்படியாக 1.009 வரை இறக்கினால், அதாவது உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தால், மீன் தாங்கிக்கொள்ளும், கிருமி தாங்காது. மீனுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடல் மீனின் உடம்பு ஓயாமல் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது. உப்பு குறைந்தால் அந்த வேலை குறைகிறது. காய்ச்சல்காரனைப் படுக்க வைத்தாற்போல.

பையன் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்தான். ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மூன்று பக்கமும் செய்தித்தாள், மங்கலான வெளிச்சம். தாமிரம் கிடையாது. உப்பை மட்டும் குறைத்தான். இரண்டு நாள் எதுவும் போடவே இல்லை. அது எனக்கே பொறுக்கவில்லை, அவன் பொறுத்தான். மூன்றாம் நாள் பொரித்த ஆர்ட்டீமியாவை விட்டான். மீன் குழாயிலிருந்து தலையை நீட்டியது. ஒரு புள்ளியைக் கண்ணால் தொடர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றையே ஒன்றைக் கொத்திற்று. கொத்தி, உமிழ்ந்துவிட்டது! ஆனாலும் கொத்தியதே என்று அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு கலியாணக் களை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பழவேற்காடு வரை போய் உயிரோடு மட்டி வாங்கி வந்தான். ஒன்றைக் கத்தியால் நெம்பித் திறந்து, ஒரு பக்க ஓட்டோடு சதை தெரியும்படி தொட்டியின் தரையில் வைத்தான். எங்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லி அவனும் தள்ளி உட்கார்ந்தான். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கொக்கு மூஞ்சி குழாயை விட்டு முழுசாக வெளியே வந்தது. ஓட்டைச் சுற்றி இரண்டு தரம் வந்தது. ஓட்டுக்கும் சதைக்கும் இடையே இருக்கிற மடிப்பில், பாறை இடுக்கில் நுழைக்கிறாற்போலவே, மூஞ்சியை நுழைத்து ஒரு பிடுங்குப் பிடுங்கிற்று. மறுபடியும் ஒன்று. மறுபடியும்.

"தின்னுது ஆயா!" என்று பையன் கத்தவில்லை, காற்றாய்ச் சொன்னான்.

ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். மறுநாள் இன்னொரு மட்டி. ஒரு வாரம் போனதும் காலி ஓட்டை எறியாமல், அதிலேயே மட்டித் துணுக்கோடு உறைந்த இறால் குஞ்சையும் கொஞ்சம் அடைத்து வைத்தான். மீன் துணுக்கைத் தேடிக் கொத்தும்போது இறாலும் வாயில் போயிற்று. நாளுக்கு நாள் மட்டி குறைந்தது, இறால் கூடிற்று. ஒரு மாதத்தில் டப்பாச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஓட்டில் வைத்தால்தான் சாப்பிடும். வெறுமே போட்டால் திரும்பிப் பார்க்காது. அதற்கு அதுதான் தட்டு. டாம்ஸல் பயலை வேறு தொட்டிக்கு நாடு கடத்தினார்கள்.

இந்த வித்தைகளில் எதுவும் அவன் கண்டுபிடித்தது அல்ல, நான் சொல்லிக் கொடுத்ததும் அல்ல. உலகம் பூராவும் கடல் மீன் வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கான மீன்களைச் சாகவிட்டுக் கற்றுக்கொண்டவை. பூண்டுச் சாற்றில் ஊற வைத்துக் கொடுத்தால் பசியெடுக்கும் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. அதற்கு ஆதாரம் பலவீனம்; மீன் சாப்பிடுகிறதோ இல்லையோ, வீடு மணக்கும்.

எல்லா மீனும் இப்படி மனசு மாறிவிடும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1960-களில் ஃபிலிப்பைன்ஸ் தீவுகளில் அழகு மீன் பிடிக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் பரவிற்று. பவளப் பாறைக்குள் ஓடி ஒளிகிற மீனை வலையால் பிடிப்பது கஷ்டம். ஆகவே சயனைடு விஷத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பீச்சுக் குப்பியில் எடுத்துக்கொண்டு மூழ்கி, பொந்தில் அடித்தார்கள். மீன் மயங்கி மிதந்து வரும். பாறையில் இருந்த பவளமும் சேர்ந்து சாகும். பிற்பாடு இது இந்தோனேஷியாவுக்கும் போயிற்று. சட்டம் தடுத்தும் முற்றிலும் ஒழியவில்லை. அப்படிப் பிடிபட்ட மீன் மயக்கம் தெளிந்து நீந்தும். பார்வைக்கு ஒரு குறையும் இராது. விமானம் ஏறி, பிளாஸ்டிக் பையில் பல ஆயிரம் மைல் வந்து சேரும். சில வாரத்தில் காரணம் தெரியாமல் செத்துப் போகும். 'இந்த ஜாதி மீனே இப்படித்தான். சாப்பிடாது' என்று வாங்கினவர்கள் ஜாதியின் மேல் பழியைப் போட்டார்கள். ஈ சுட்ட பெருமையை வேறு மீனுக்குக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா?

பவளச் சதையை மட்டுமே தின்கிற வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கடையில் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவற்றை வாங்குகிறவன் மீனை வாங்கவில்லை, ஒரு மாதத்துப் பட்டினியை வாங்குகிறான். பவளத்தைக் கொடுத்து வளர்க்கலாமே என்றால், 2001-ஆம் வருஷத்திலிருந்து பவளம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கிறது. கடல் குதிரையும் அதே பட்டியலில்தான். கடல் குதிரைக்கு வயிறு என்ற பையே கிடையாது. தின்றது நிற்காமல் குடல் வழியே போய்விடும். ஆகையால் ஓயாமல் தின்றாக வேண்டும், அதுவும் உயிருள்ள ஆகாரமாக. அதைச் சட்டம் தொட்டியிலிருந்து காப்பாற்றிவிட்டது.

டப்பாவைக் கண்டதும் ஓடி வருகிற கடல் மீன் இல்லையா என்றால், இருக்கிறது. அது தொட்டியிலேயே பிறந்த மீன். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கின்றன. குஞ்சுக்கு முதல் கவளம் ஆர்ட்டீமியா கூட அல்ல. அது அந்த வாய்க்குப் பெரிசு. ரோட்டிஃபர் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு ஜந்து. 1960-இல் ஜப்பானில் இட்டோ என்பவர் மீன் குஞ்சுக்கு அதைக் கொடுக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்னால் ஜப்பானிய விலாங்கு வளர்ப்புக் குளங்களில் அது ஒரு தொல்லை.

கோமாளி மீன் கல்லில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தகப்பன் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருக்கிறது. ஏழெட்டு நாளில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும். பொரிவது இருட்டிய பிறகுதான். ஆகவே அன்று மாலை விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். கண்ணாடிச் சிம்பு போன்ற குஞ்சுகளைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றி, அதில் ரோட்டிஃபர்களை நெருக்கமாக விட்டு வைக்கிறார்கள். குஞ்சு தேடிப் போகக் கூடாது; எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் சாப்பாடு இருக்க வேண்டும். காலையில் ஒரு குஞ்சைச் சொட்டுத் தண்ணீரோடு எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறார்கள். உடம்பு ஊடே தெரியும். வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.